மைக்ரண்டா, மைனாரிட்டியா?

(திருவனந்தபுரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மை ஆங்கிலத்தில் 'மைக்ரண்ட்ஸ்' என்கிறார்கள். நாமும் மனுக்களில் அப்படியே எழுதிக் கொடுக்கிறோம். அது இடம்பெயர்ந்து வந்தவரைக் குறிக்கும் சொல். 'மைனாரிட்டி' வேறு, எண்ணிக்கையில் குறைந்தவர், அவ்வளவே.

நாகர்கோவிலில் பிறந்து இங்கே சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர், 1956 அக்டோபர் 31 வரை தம் மாநிலத் தலைநகரில்தான் இருந்தார். மறுநாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவர் கடையை விட்டு எழவில்லை. எல்லைக்கோடுதான் இடம் மாறியது. அவரா வந்தேறி?

வெறும் சொல்தானே என்பீர்கள். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. யார் பிள்ளைகளுக்கு? மொழிவழி 'மைனாரிட்டி' பிள்ளைகளுக்கு. எப்போது வந்தாய் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. தமிழ் வகுப்பு கேட்டு எழுதும் அடுத்த மனுவில் அந்தச் சொல்லையே போடுங்கள்.