அந்தச் சிறு துளை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு, ஆண்டு மலருக்கென எழுதித் தரப்பட்டது)

 

இம்மாதப் பேச்சுக்குச் செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது நான் மிகவும் தயங்கினேன். சென்ற மாதம் இதே மேடையில் கற்றறிந்த பேராசிரியர் ஒருவர் சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியதை நாம் அனைவரும் கேட்டு மகிழ்ந்தோம். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். கரக்பூர் நிலையத்தின் புக்கிங் கவுண்ட்டரில் அமர்ந்து டிக்கெட்டும் சில்லறையும் கொடுப்பவன். "உமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும், போதும்" என்றார் செயலாளர். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. செல்போன்தான் அது. அதன் ஓரத்தில் இயர்போன் செருகுவதற்கென்று ஒரு வட்டமான துளை இருந்ததல்லவா? ஹெட்போன் ஜாக் என்பார்கள். அந்தத் துளை இனி இருக்க வேண்டுமா, அடைபட்டுப் போகலாமா என்பதே இன்றைய என் பேச்சு.

பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

நம் காலனிக் குவார்ட்டர்ஸ்களின் அளவு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்புறம் ஒரு தாழ்வாரம். என் வீட்டில் ஐவர். வாரத்தில் சில நாள் எனக்கு இரவு டியூட்டி. காலையில் வீடு திரும்பி நான் படுக்கும் நேரத்தில்தான் என் அன்னையாருக்குப் பொழுது விடிகிறது. எழுபத்து மூன்று வயதாகிறது அவர்களுக்கு. கண்ணில் புரை எடுத்த பிறகு படிப்பது குறைந்துவிட்டது. கேட்பது ஒன்றே துணை. காலையில் பக்திப் பாடல், பத்து மணிக்கு மேல் கதாகாலட்சேபம், பிற்பகலில் பழைய திரைப்படப் பாடல்கள். இவ்வளவும் ஒரு சாதாரண வயர் இயர்போன் வழியாக அவர்கள் காதுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். அதே அறையில் நான் குறட்டை விட்டுத் தூங்குவேன். பக்கத்து அறையில் என் மகள் பரீட்சைக்குப் படிப்பாள். எட்டு ஆண்டுகளாக எங்கள் இல்லத்தின் அமைதியைக் காத்து வந்தது கோல் பஜாரில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய அந்த வயர்தான் என்றால் அது மிகையன்று.

சென்ற ஆண்டு அந்தப் பழைய செல்போன் கெட்டுப் போயிற்று. தாயாருக்கு நல்லதாக வாங்கித் தர வேண்டும் என்ற ஆசையில், போனஸ் பணத்தில் சற்று விலை உயர்ந்ததாகவே ஒன்றை வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மா வயரை எடுத்து, விரலால் தடவித் தடவி, நான்கு ஓரத்திலும் துளையைத் தேடினார்கள். துளை இல்லை.

"எங்கேப்பா இதுல சொருகுறது?" என்றார்கள்.

வயரில்லாத இயர்போன் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது. அதை ஒரு பெட்டியில் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும்; போனோடு இணைக்க வேண்டும்; வலது இடது பார்த்துக் காதில் பொருத்த வேண்டும். முதல் நாளே அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டு, "காதுக்குள்ள யாரோ ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல ஏதோ சொல்றா, யாருன்னு கேளு" என்றார்கள். சார்ஜ் தீரப்போகிறது என்று அக்கருவி அறிவித்திருக்கிறது. இரண்டாம் வாரத்தில் ஒன்று குளியலறைச் சாக்கடையில் போயிற்று. மற்றொன்று மட்டும் இருந்தது. பிறகு அதையும் அவர்கள் எடுக்கவில்லை. "வேண்டாம்ப்பா, எல்லாம் கேட்ட பாட்டுத்தானே" என்று சொல்லிவிட்டார்கள். நான் தூங்கி எழுந்து பார்க்கும்போதெல்லாம் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பீக்கரில் வைத்துக் கேட்கலாமே என்றால், "நீ தூங்க வேண்டாமா?" என்பார்கள். சுமார் இரண்டு மாதம் இப்படிக் கழிந்தது. அதன் பிறகுதான் இந்தத் துளையைப் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

விசாரித்த அளவில் அது நம் வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்தது. என் தந்தையார் இரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவீர்கள். பலகை முழுதும் வரிசை வரிசையாகத் துளைகள். கையில் பித்தளை முனை கொண்ட வயர். யார் யாரோடு பேச வேண்டுமோ அந்தத் துளைகளை அந்த வயரால் இணைப்பார்கள். சிறுவனாக அவருக்குச் சோறு கொண்டுபோனபோது நான் கண்ட காட்சி அது. அந்தப் பித்தளை முனையின் பருமன் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் டெலிபோன் பலகைக்காகப் பிறந்த அந்தச் செருகிதான், டிரான்சிஸ்டர் ரேடியோ வந்த காலத்தில் மெலிந்து 3.5 மி.மீ. ஆயிற்று. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் சிறு டேப் பிளேயரை வெளியிட்ட பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. எந்த நாட்டில் செய்த வயரானாலும் எந்த நாட்டில் செய்த பெட்டியிலும் பொருந்தும். நமக்கு அகலப்பாதை எப்படியோ அப்படி. மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதைக்கு மாறும் சந்திப்புகளில் சாமான்களை வண்டி மாற்றி ஏற்றிய கஷ்டத்தைக் கண்டவர்களுக்கு, ஒரே அளவு என்பதன் அருமை தெரியும்.

நம் மின்மயத் தடங்களின் ஓரத்திலும் இதைப் போன்ற சாக்கெட்டுகளைக் காணலாம். ஒரு கிலோமீட்டருக்கு மிகாத இடைவெளியில் அவை அமைக்கப்பட்டன. நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டால், கார்டு என்று நாம் அழைத்து வந்தவர் (2022 முதல் அவர் டிரெயின் மேனேஜர்) கையிலுள்ள போனின் வயரை அதில் செருகிக் கண்ட்ரோலோடு பேசலாம். செருகினால் பேசும் என்பதே அதன் சிறப்பு. அங்கே நின்றுகொண்டு யாரும் எதையும் தேடி "இணைத்து"க் கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட துளையை அடைத்தது யார்? 2014-இலேயே சில சீனத்துப் போன்களில் அது இல்லை. எனினும் உலகமே திரும்பிப் பார்த்தது 2016 செப்டம்பரில், ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7-ஐ வெளியிட்டபோது. அந்நிறுவனத்தின் பில் ஷில்லர் மேடையில் நின்று, இதற்குத் தாங்கள் கொண்டது "துணிவு" என்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்நிறுவனத்தின் வயரில்லாத இயர்போனும் கடைக்கு வந்தது. துளையை அடைப்பதற்கும் மாற்றுப் பொருளை விற்பதற்கும் இடையே மூன்று மாதம்! இதைத் துணிவு என்பதா, வியாபாரம் என்பதா என்று தீர்ப்பளிக்க நான் யார்? டிக்கெட் விற்பவன், விற்பனையின் முகம் சற்றுத் தெரியும், அவ்வளவுதான். 2017-இல் இதைக் கேலி செய்து விளம்பரம் வெளியிட்ட சாம்சங், 2019 ஆகஸ்டில் வெளியிட்ட நோட் 10-இல் தானும் அத்துளையை அடைத்துவிட்டது.

நம் சங்கத்து இளைஞர் ஒருவர், பொறியியல் படித்தவர், இதைப் பற்றி என்னோடு வாதாடினார். துளை இருந்தால் தண்ணீர் புகும் என்றார். போனை மெலிதாக்க முடியாது என்றார். அந்த இடத்தில் பெரிய பாட்டரி வைக்கலாம் என்றார். படித்தவர் சொன்னதால் நானும் தேடிப் பார்த்தேன். அதே 2016-இல் வந்த சாம்சங் எஸ்7 போனில் துளையும் இருந்தது. தண்ணீரில் அமிழ்த்தினாலும் தாங்கும் என்ற ஐபி68 தரமும் இருந்தது. மெலிவைச் சொன்னால், 2014-இல் விவோ நிறுவனம் 4.75 மி.மீ. பருமனே உள்ள எக்ஸ்5 மேக்ஸ் என்ற போனைத் துளையோடுதான் செய்தது. ஐபோன் 7-இன் பருமனோ 7.1 மி.மீ.; அதற்கு முந்திய, துளை உள்ள 6எஸ்-இன் பருமனும் அதே 7.1 தான். பாட்டரி விஷயத்தை நான் மறுக்கவில்லை. அவ்வளவு சிறிய பெட்டிக்குள் அரிசி அளவு இடமும் இடம்தான். அந்த இடத்தை வேறு ஏதேனும் ஒன்றுக்குப் பயன்படுத்தத்தான் செய்வார்கள். ஆனால் முடியவே முடியாது என்பது வேறு, விருப்பமில்லை என்பது வேறு. சோனி நிறுவனம் தன் உயர்விலைப் போன்களில் 2018-இல் துளையை நீக்கிற்று. 2020-இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2 என்ற போனில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

"அண்ணா, சார்ஜ் செய்யும் வாயிலேயே செருக ஒரு சிறு அடாப்டர் கிடைக்கிறதே" என்றார் அந்த இளைஞர். அதையும் வாங்கினேன். வேலை செய்யவில்லை. கடைக்காரர் வேறொன்று தந்தார். அதுவும் ஊமையாகவே இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. சில போன்கள் அந்த வாய் வழியே ஒலியை நேராகவே அனுப்புகின்றன. அவற்றுக்கு வெறும் வயர் அடாப்டர் போதும். வேறு சில, எண் வடிவத்தில் மட்டுமே அனுப்புகின்றன. அதை ஒலியாக மாற்றும் சில்லு அடாப்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாவதாகச் சில்லுள்ளதைக் கேட்டு வாங்கினேன், பேசிற்று. ஆனால் போனில் வாய் ஒன்றுதானே? பாட்டுக் கேட்டால் சார்ஜ் செய்ய முடியாது, சார்ஜ் செய்தால் பாட்டுக் கேட்க முடியாது. அந்த அடாப்டரும் விரல் நீளம்தான். அது இப்போது எங்கே இருக்கிறது என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

வயரில்லாததை நான் வெறுப்பவன் அல்லன். அடுப்படியில் நின்று வேலை செய்யும் தாய்மார்களுக்கு அது வசதி. வயர் எதிலும் மாட்டாது. ஒர்க்‌ஷாப் செல்லும் நண்பர்கள் சைக்கிளில் அதைக் காதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். (அவர்கள் தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டுகிறேன். வயரானாலும் வயரில்லாததானாலும் எஞ்சினின் ஹாரன் அதற்குள் நுழையாது.) ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வயர் இயர்போனுக்குள் பாட்டரி இல்லை. போன் தரும் மின்னலையே அதை அசைக்கிறது. வயரில்லாததில் காதுக்கு ஒரு பாட்டரி, பெட்டிக்கு ஒரு பாட்டரி. அவை ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும். பெரும்பாலானவற்றைத் திறந்து மாற்றவும் இயலாது. வயர் அறுந்தால் நம் மார்க்கெட்டில் பற்றவைத்துத் தர ஆள் உண்டு.

என் கவுண்ட்டரிலிருந்தும் ஒரு செய்தி. இரவு வண்டிகளில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்று 2022 ஜனவரியில் இரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டதை அறிவீர்கள். நல்ல உத்தரவு. ஆனால் பொதுப்பெட்டியில் இரண்டு நாள் பயணம் செய்து வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு, பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வயர்தான் இயர்போன். அதைச் செருக இடமில்லாத போனை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சத்தம் போடாதே என்றால் அவன் என்ன செய்வான்?

எப்.எம். வானொலியையும் மறப்பதற்கில்லை. பெரும்பாலான போன்களில் எப்.எம். கேட்க வேண்டுமானால் வயரைச் செருகியாக வேண்டும். அந்த வயரே ஏரியல். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, அங்குள்ள என் தமக்கையாருக்கு நாங்கள் போன் செய்து செய்து ஓய்ந்தோம், மணியே அடிக்கவில்லை. மாடியில் இரண்டு நாள் இருந்த அவர்களுக்கு வெளியுலகச் செய்தியைத் தந்தது, டவர் இல்லாத அதே போனில் வயரைச் செருகிக் கேட்ட வானொலிதான் என்று பின்னர் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் எப்.எம். வசதி இருந்தால் அதை முடக்கக் கூடாது என்று போன் தயாரிப்போருக்கு அறிவுறுத்திற்று. ஏழைகளுக்கும் ஆபத்துக் காலத்துக்கும் அது தேவை என்பதே காரணம். ஏரியலைச் செருகும் துளையையும் அத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்பது இந்தக் கிளார்க்கின் தாழ்மையான கருத்து.

என் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். விலை உயர்ந்த அந்தப் போனை மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பரம திருப்தி. அம்மாவுக்கு அதில் பாதி விலையில், துளையுள்ள ஒன்றை வாங்கினேன். நம் நாட்டில் குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இன்னும் துளை இருக்கிறது; பணக்காரப் போனில்தான் இல்லை. அன்று டியூட்டி முடிந்து வந்து படுத்தவன், மாலையில் கண் விழித்துப் பார்த்தேன். அம்மா தாழ்வாரத்தில், வயர் காதில் தொங்க, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாட்டு என்று எனக்குக் கேட்கவில்லை.

சங்கத்தின் முதியோர் உதவித் திட்டத்தில் இவ்வாண்டு பென்ஷன் பெறும் தாய்மார்கள் அறுவருக்குப் போன் வாங்கித் தர நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பதாக அறிகிறேன். செயலாளர் அவர்கள் கடைக்குச் செல்லும்போது பழைய வயர் இயர்போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகுமாறு வேண்டுகிறேன். கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். செருகிப் பார்த்து வாங்கி வாருங்கள். வயர் இல்லையென்றால் என் வீட்டில் இரண்டு இருக்கின்றன.