விதை இறங்காத குழந்தை



ஆண் குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டும்போது விதைப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு விதைகளும் இருக்கின்றனவா? ஒன்று இல்லையா? பயப்படாதீர்கள். தாயைக் குறை சொல்லாதீர்கள். நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கியிருக்காது. மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டுமே இல்லாவிட்டால் உடனே காட்டுங்கள்.

6 மாதத்திற்குள் பலருக்குத் தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால்? "வளர வளரச் சரியாகும்" என்று நாளைக் கடத்தாதீர்கள். உடல் சூடு விதையைக் கெடுக்கும். பின்னாளில் பிள்ளைப்பேறு குறையலாம். புற்றுநோயும் வரலாம்.

ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது. மயக்க மருந்து கொடுத்து, விதையை இறக்கிப் பையில் வைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

வெட்கம் வேண்டாம். வேளை தவற வேண்டாம்.