தாகத்திற்கு முன்னரே தண்ணீரைத் தேடுவோம்





ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீட்டர் நீர். குடிப்பது, சமைப்பது, குளிப்பது, துணி துவைப்பது, மலசலகூடம், வுழூ யாவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். 2018 பெப்ரவரி 1 முதல் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் மாநகர மக்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு இது. அருகிலேயே கடல், ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள், குடிக்கத்தான் நீரில்லை.

அந்நகர் நமக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தரால் 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஷெய்கு யூசுப் மக்காஸரி அவர்கள், 1694இல் இங்கிருந்து கேப்புக்கு அனுப்பப்பட்டு, 1699இல் அங்கேயே வபாத்தானார்கள்.

அந்நகர் தனது நீர்த்தேவை முழுவதற்கும் மழை நிரப்பும் ஆறு பெரிய அணைகளையே நம்பியிருந்தது எனலாம். 2014இல் அவை நிரம்பியிருந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளும் குளிர்கால மழை பொய்த்தது. அணைகளில் நீர் 13.5 சதவீதமாகக் குறைந்தால் வீட்டுக் குழாய்கள் மூடப்படும். சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லீட்டர் பெறவேண்டும் என அறிவிக்கப்பட்டது. அந்நாளைப் 'பூச்சிய நாள்' என்றழைத்தனர்.

அந்நாள் வரவில்லை. ஏன்? குழாய்களில் நீரழுத்தம் குறைக்கப்பட்டது. கூடுதலாகப் பாவித்தோருக்குக் கட்டணம் உயர்ந்தது. விவசாயிகள் தமது அணைகளிலிருந்து நகருக்கு நீர் திறந்துவிட்டனர். மக்கள் குளித்த நீரை வாளியில் சேர்த்து மலசலகூடத்திற்குப் பயன்படுத்தினர். 2015இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி லீட்டராக இருந்த பாவனை, 2018இல் 50 கோடியளவுக்கு இறங்கியது. பின்னர் மழையும் பெய்தது.

சகோதரர்களே, இங்கே ஓர் உண்மையை மறக்கலாகாது. குடிசைப் பகுதி மக்கள் அதற்கு முன்னரும் பொதுக்குழாயில் வாளி ஏந்தியே வாழ்ந்தவர்கள். தோட்டமும் நீச்சல் தடாகமும் வைத்திருந்தோருக்கே அந்த வரிசை புதிது. நீரைத் திட்டமிடுவதென்பது நீதியைத் திட்டமிடுவதுமாகும்.

சிக்கனம் அந்நகருக்கு அவகாசத்தைத் தந்தது; ஆனால் புதிய நீரைத் தரவில்லை. அவசரத்தில் அமைத்த சிறிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீருக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. அணைகள் நிரம்பியிருந்த காலத்திலேயே மாற்று வழிகளைத் தேடியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கற்ற பாடம். 2019இல் வகுத்த திட்டத்தில் நிலத்தடி நீர், கழிவுநீரைத் தூய்மையாக்கி மீளப் பயன்படுத்தல், கடல்நீர் சுத்திகரிப்பு ஆகிய யாவும் இடம்பெற்றன. மலைச்சாரல்களில் நீரை உறிஞ்சும் அந்நிய மரங்களும் வெட்டப்படுகின்றன. அதே மாநகரின் அட்லாண்டிஸ் பகுதியிலோ 1979 முதலே மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் மணலுக்குள் இறக்கிச் சேமித்து வருகின்றனர்.

மணல் என்றதும் நமது கரையோரங்கள் நினைவுக்கு வருகின்றன. கல்பிட்டியிலும் கிழக்குக் கரையிலும் கிணற்று நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். மலசலகூடக் குழியும் உரமும் அதனை இலகுவில் மாசாக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்பின் கிழக்கில் எத்தனை கிணறுகள் உவர்ப்பாயின என்பதைக் கண்டவர்கள் நாம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு நீரில், வுழூச் செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். இன்றிரவு வுழூச் செய்கையில் குழாயின்கீழ் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். எவரும் உங்களைக் கண்டிக்கத் தேவையில்லை. அந்த வாளியே பேசும்.

பெற்றோர்களே, அந்த வாளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இளைஞர்களே, ஒழுகும் குழாய்களை முறையிடாமல் விட்டுவிடாதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, கூரையில் விழும் மழைநீரைத் தாங்கியில் சேருங்கள்; வுழூ நீர் மரங்களுக்குச் செல்லட்டும். கிணறு நிறைந்திருக்கும் மாரி காலமே இதற்கான காலம். கோடையில் வருந்திப் பயனில்லை.

அருளாக இறங்கும் நீரை அமானிதமாகப் பேணும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.