கடிதம் போய்ச் சேர வேண்டும்

(பாம்பூஃப்ளாட்டில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கான பேச்சு)



உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும். எழுதத் தெரியும். இனி அடுத்த படி ஏறுவோம். கணிப்பொறி வழியாகப் போகும் கடிதத்தைப் பற்றி இன்று பேசுவோம். அதன் பெயர் மின்னஞ்சல். ஈமெயில் என்றும் சொல்கிறோம்.

“இது நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நாம் இருப்பது தீவு. எதிரே தெரியும் சாத்தாமுக்குப் போகவே படகு ஏறுகிறோம். சென்னைக்குக் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. பிள்ளை அங்கே படிக்கிறான். அம்மா அப்பா அங்கே இருக்கிறார்கள். கடைக்குச் சரக்கு அங்கிருந்து வருகிறது. கல்லூரியில் சேர மனு, வேலைக்கு மனு, சரக்குக் கணக்கு எல்லாம் இன்று மின்னஞ்சலில் போகின்றன. கடைசி நாளுக்குள் மனு போய்ச் சேராவிட்டால் ஒரு வருடப் படிப்பே போய்விடும். ஆகவே இது நமக்கும் வேண்டியதுதான்.

முன்பு நம் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பி இருந்தது. வேகம் குறைவு. பிறகு சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கம்பி வடம் போட்டார்கள். அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே சாலை வந்துவிட்டது. வண்டி ஓட்டத்தான் நாம் கற்க வேண்டும்.

கடிதம் எப்படிப் போகிறது?

தபால் கடிதம் நேராக வீட்டுக்கு வருவதில்லை. முதலில் அஞ்சலகத்துக்கு வருகிறது. மின்னஞ்சலும் அப்படித்தான். அதற்கும் ஓர் அஞ்சலகம் உண்டு. அது எங்கோ இருக்கும் பெரிய கணிப்பொறி. அதை சர்வர் என்பார்கள். நம் கடிதம் நம் சர்வருக்குப் போகும். அங்கிருந்து அவருடைய சர்வருக்குப் போகும். அவர் அங்கிருந்து எடுத்துப் படிப்பார்.

நம் மேசைக் கணிப்பொறியில் அவுட்லுக், தண்டர்பேர்ட் என்ற மென்பொருள்கள் இருக்கும். அவை தபால்காரர் போல. கடிதத்தைக் கொண்டுபோகும். கொண்டுவரும்.

கடிதம் போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். நான்கு இடங்களைப் பாருங்கள். ஒன்று, முகவரி. இரண்டு, பாதை. மூன்று, நம் வீடு. நான்கு, அஞ்சலகம்.

ஒன்று: முகவரி

மின்னஞ்சல் முகவரியில் @ என்ற குறி நடுவில் இருக்கும். 1971ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் இந்தக் குறியைப் பயன்படுத்தினார். குறிக்கு முன்னால் ஆளின் பெயர். பின்னால் அஞ்சலகத்தின் பெயர்.

தபால் முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் தபால்காரர் புரிந்துகொள்வார். கணிப்பொறிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரு புள்ளி விட்டாலும் கடிதம் போகாமல் போகலாம். வேறு ஒருவருக்கும் போய்விடலாம். புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைக்கக் கூடாது. நடுவில் இடைவெளி விடக் கூடாது. ‘காம்’ என்பதைக் ‘கான்’ என்று அடித்துவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது. ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

முகவரி தவறானால் பெரும்பாலும் ஒரு பதில் திரும்பி வரும். ‘மெயிலர் டீமன்’ என்று அதில் போட்டிருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். ஏன் போகவில்லை என்ற காரணம் அதில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: பாதை

வேறு ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லையா? குறை கடிதத்தில் இல்லை. இணையத் தொடர்பு இல்லை. மோடம் பெட்டியை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் தொடர்பு வரும்வரை காத்திருங்கள். எழுதிய கடிதம் ‘அவுட்பாக்ஸ்’ என்ற பெட்டியில் காத்திருக்கும். தொடர்பு வந்ததும் போகும். “போகவில்லையே” என்று அதே கடிதத்தைப் பத்து முறை எழுதாதீர்கள். பிறகு பத்தும் சேர்ந்து போகும்.

மூன்று: நம் வீடு

பக்கம் திறக்கிறது, கடிதம் மட்டும் போகவில்லை. அப்போது மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, மென்பொருள் ‘ஆஃப்லைன்’ என்ற நிலையில் இருக்கிறதா? தவறிக் கை பட்டால் அப்படி மாறிவிடும். மறுபடி மாற்றினால் சரியாகும்.

இரண்டாவது, கணிப்பொறியின் தேதி சரியா? உள்ளே ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்தபின் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதி தவறானால் சர்வருடன் பாதுகாப்பான தொடர்பு கிடைக்காது. தேதியைத் திருத்துங்கள். அடிக்கடி இப்படி ஆனால் பேட்டரியை மாற்றுங்கள்.

மூன்றாவது, கடிதத்துடன் பெரிய படம் வைத்தீர்களா? ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 எம்பி வரைதான் வைக்கலாம். படங்களைச் சிறியதாக்குங்கள். அல்லது இரண்டு மூன்று கடிதமாகப் பிரித்து அனுப்புங்கள்.

நான்கு: அஞ்சலகம்

பெட்டி நிறைந்தால் புதுக் கடிதம் உள்ளே வராது. ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி. நாம் சேர்த்து வைக்கும் படங்களும் அதே இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். வேண்டாததை அழியுங்கள். குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் “தவறு” என்று வருகிறதா? மென்பொருள் மிகவும் பழையதாக இருக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு கடிதம் கொடுக்கும் பழைய முறையைக் கூகுள் நிறுவனம் 2022இல் தனி ஆட்களின் கணக்குகளுக்கு நிறுத்தத் தொடங்கியது. புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

எதிர்பார்த்த கடிதம் வரவில்லையா? ‘ஸ்பாம்’ என்ற பெட்டியைத் திறந்து பாருங்கள். வேண்டாத கடிதம் என்று கணிப்பொறி நினைத்ததை எல்லாம் அங்கே போடும். சில நேரம் நல்ல கடிதமும் அங்கே போகும். ஜிமெயிலில் 30 நாளில் அது அழிந்துவிடும். மனு போட்ட பிறகு வாரம் இருமுறை அங்கே பாருங்கள்.

இன்னொன்று. இரண்டு வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். இந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. கணக்குத் தொடங்கிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

கடிதம் எங்கே இருக்கிறது?

மென்பொருளை முதலில் அமைக்கும்போது இரண்டு முறை உண்டு. ஒன்று பாப். மற்றொன்று ஐமேப். பாப் முறையில் கடிதம் நம் கணிப்பொறிக்கு இறங்கிவிடும். அஞ்சலகத்தில் அதன் படி இல்லாமல் போகலாம். கணிப்பொறி கெட்டால் கடிதமும் போச்சு. ஐமேப் முறையில் கடிதம் அஞ்சலகத்திலும் இருக்கும். கைப்பேசியிலும் அதையே பார்க்கலாம். நமக்கு ஐமேப்தான் நல்லது. அமைத்துத் தருபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

முகவரிப் புத்தகம்

மென்பொருளுக்குள் முகவரிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பெயர், எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அதில் எழுதலாம். ஒருமுறை சரியாக எழுதினால் போதும். பிறகு பெயரைத் தொட்டால் முகவரி தானே வரும். தவறு குறையும்.

வெறும் ‘முருகன்’ என்று எழுதாதீர்கள். நமக்கு எத்தனை முருகன்! ‘முருகன், மதுரை, அரிசிக் கடை’ என்று எழுதுங்கள். எண்ணுக்கு முன்னால் +91 போடுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கவும் அந்த எண் உதவும். ஒருவருக்கே இரண்டு பதிவு இருந்தால் பழையதை நீக்குங்கள். பழைய முகவரிக்குப் போகும் கடிதத்தை அவர் பார்க்கவே மாட்டார்.

மாதம் ஒருமுறை முகவரிப் புத்தகத்தைப் படி எடுங்கள். ‘எக்ஸ்போர்ட்’ என்ற கட்டளை அதற்குத்தான். படியைப் பென்டிரைவில் வையுங்கள். அதைத் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எழுத்து முறையை ‘யூடிஎஃப் 8’ என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். தமிழ் சரியாக வரும்.

காகிதமும் வேண்டும்

இதை நம் தீவு மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பல தீவுகளில் தொலைபேசி அறுந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். அப்போது ஹாம் வானொலிக் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்த ஊர்தான் இப்போது ஸ்ரீ விஜயபுரம். பாரதி பிரசாத் என்ற பெண் அந்தக் குழுவை வழிநடத்தினார். வானொலி வழியாகச் செய்திகளை அனுப்பி அவர்கள் உதவினார்கள்.

யோசித்துப் பாருங்கள். உதவ ஆள் வந்தாலும், யாருக்குச் சொல்வது என்று நாம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டும். எண் வேண்டும். எல்லாம் கைப்பேசிக்குள் இருந்து, கைப்பேசி தண்ணீரில் போனால் என்ன செய்வோம்? ஆகவே பத்துப் பேரின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ரேஷன் அட்டையோடு வையுங்கள். உங்கள் கையால் எழுதுங்கள். எழுதக் கற்றது இதற்கும்தான்.

ஒரு எச்சரிக்கை

“பரிசு விழுந்தது”, “வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது” என்று கடிதம் வரும். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அனுப்பியவர் முகவரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வங்கியின் பெயர் போலவே இருக்கும். ஓர் எழுத்து மாறியிருக்கும். கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அடுத்த கூட்டத்துக்குள் இரண்டு வேலை செய்து வாருங்கள். பத்துப் பேர் பெயர் எழுதிய தாள் ஒன்று. கரையில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் ஒன்று. கணிப்பொறி இல்லாதவர்கள் இருப்பவரோடு சேர்ந்து செய்யுங்கள். பதில் வந்தால் இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வராவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்று சேர்ந்தே தேடுவோம்.