மெயில் பெட்டி நிரம்பினால்: பாப்3யா, ஐமேப்பா?

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க மாமா கரூர்ல சின்னதா ஜவுளி ஏற்றுமதி பண்றார். ஒருநாள் போன் பண்ணினார். "மாப்ள, பையர் அனுப்பின மெயில் திரும்பிப் போயிடுச்சாம். பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு வருதாம்."

பார்த்தா, அவர் கணக்குக்கு சர்வர்ல 1 ஜிபி இடம்தான். எல்லாம் டிசைன் படங்கள். மெயில்ல வர்ற இணைப்புகள் பேஸ்64 முறையில எழுத்துகளா மாறுது. அதனால 3 எம்பி படம் பெட்டியில 4 எம்பிக்கு மேல பிடிக்கும்.

இங்க ரெண்டு வழி இருக்கு. ஐமேப்ல அசல் சர்வர்லயே இருக்கும். போன்லயும் லேப்டாப்லயும் நாம பார்க்கிறது அதோட பிரதிதான். பாப்3 தபால் பெட்டி மாதிரி. கடிதத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா, பெட்டி காலி.

நான் யோசிக்காம பாப்3 போட்டு, இறக்கினதும் சர்வர்ல அழிக்கச் சொல்லிட்டேன். இடப் பிரச்சினை தீர்ந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு லேப்டாப்போட ஹார்ட் டிஸ்க் போச்சு. மொத்த மெயிலும் போச்சு. ஒரு ஆர்டரோட விலை ஒப்புதலும் அதுலதான் இருந்துச்சு. மாமா திட்டல. "சர்வர்ல இருக்கும்னு நெனச்சேன் மாப்ள"ன்னார். இருக்காதுன்னு அவர்கிட்ட நான் சொல்லவே இல்லையே! கடைசியில பையர்கிட்டயே கேட்டு வாங்கினோம்.

இப்ப அவருக்கு ஐமேப், போர்ட் 993. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பழைய மெயிலை தண்டர்பேர்டோட லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகல் எடுக்கிறோம். அந்த ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்லயும் காப்பி பண்ணி, திறந்து பார்த்த பிறகுதான் சர்வர்ல அழிக்கிறோம். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணணும், இல்லைன்னா இடம் குறையாது. இன்னொண்ணு, ஐமேப்ல போன்ல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும்.

ஒரே கம்ப்யூட்டர்ல மட்டும் மெயில் பார்க்கிறவங்களுக்கு பாப்3 போதும். ஆனா உடனே அழிக்காம, 14 நாள் சர்வர்லயே விட்டுவைக்கச் சொல்லுங்க. அனுப்பின மெயில் இறங்காது, பாப்3 இன்பாக்ஸை மட்டும்தான் எடுக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: சர்வர்ல அழிச்ச பிறகு, ரெண்டாவது பிரதி எங்க இருக்கு? பதில் இல்லைன்னா, இன்னும் அழிக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.