கணினிக் குற்றமும் நிறுவனங்களின் காவலும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘ஜாகா’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இருட்டியதும் கையில் டார்ச் விளக்குடன் தோட்ட ஆபீஸையும் ஸ்டோரையும் சுற்றி வருவார் அந்தக் காவற்காரர். உர மூட்டைகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் அவர் பொறுப்பு. திருட வருகிறவன் வேலியைத் தாண்ட வேண்டும். பூட்டை உடைக்க வேண்டும். மூட்டையைத் தோளில் சுமக்க வேண்டும். நாய் குரைக்கும். இத்தனையையும் மீறித் திருட்டு நடந்துவிட்டால், மறுநாள் காலையில் மூட்டை இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். திருட்டுப் போனது யாவருக்கும் தெரிந்துவிடும்.

கணினியில் நடக்கும் திருட்டு அவ்வாறானதன்று. திருடன் வெளிநாட்டில் தன் வீட்டு நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். அவன் எடுத்துச் செல்வது நகல். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டியலில் ஒரு பெயர் குறையாது. கணக்கில் ஓர் எழுத்து மாறாது. பறிகொடுத்த நிறுவனம் மறுநாளும் வழக்கம்போலக் கதவைத் திறந்து வேலையைத் தொடங்கும். இந்தக் குற்றத்தின் தனித்தன்மை இதுதான். ஆகவே இதற்கான காவலும் சற்று வேறானதாக இருக்க வேண்டும். அது எத்தகைய காவல் என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கணினிக் குற்றம் என்றால் என்ன? அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது, தகவல்களைத் திருடுவது, கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்பது, பொய்க் கடிதம் அனுப்பிப் பணத்தை வேறு கணக்கிற்குத் திருப்புவது ஆகிய யாவும் அதில் அடங்கும். சிங்கப்பூர் 1993ஆம் ஆண்டிலும், மலேசியா 1997ஆம் ஆண்டிலும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. ஒன்றையும் எடுக்காவிட்டாலும், அனுமதியின்றி நுழைந்ததே குற்றம் என்பது இச்சட்டங்களின் அடிப்படை. ஆனால் சட்டம் குற்றம் நடந்த பிறகு வருவது. நடப்பதற்கு முன்னும், நடந்துகொண்டிருக்கும்போதும் காப்பவர் யார்?

இதற்கு விடை சொல்லுமுன், நம் வகுப்பறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூற அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் ஒரு மாணவன் கை தவறி அலமாரியின் கண்ணாடியை உடைத்துவிட்டான். அப்போது வகுப்பில் வேறு எவரும் இல்லை. பெரிய துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டான். சிறு துண்டுகளை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டான். இரண்டு நாட்கள் கழித்து ஒரு மாணவி, உருண்டோடிய பென்சிலை எடுக்க அலமாரியின் அடியில் கையை விட்டாள். உள்ளங்கை கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட வேண்டியதாயிற்று. அவனை அழைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “நீங்க ஏசுவீங்கன்னு பயமா இருந்துச்சு ஐயா” என்றான். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. கண்ணாடி உடைந்ததால் அவள் கை கிழியவில்லை. உடைந்ததை மறைத்ததால் கிழிந்தது. மறைக்கச் செய்தது நாம் ஊட்டியிருந்த அச்சம்.

நேயர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு உலகில் நடந்த மூன்று கணினிக் குற்றங்களைப் பாருங்கள்.

முதலாவது, 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்தும் நேரத்திற்குக் கட்டணம் உண்டு. மாதக் கணக்கில் 75 காசு உதைத்தது. எழுபத்தைந்தே காசு! கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளரிடம் அதைச் சரிபார்க்கும் வேலை வந்தது. தம் சட்டைப் பையிலிருந்து 75 காசைப் போட்டு அவர் கணக்கை முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மாதக்கணக்கில் அந்தக் காசின் தடத்தைப் பின்தொடர்ந்தார். ஜெர்மனியின் ஹன்னோவர் நகரிலிருந்து ஒருவன் அந்த ஆய்வுக்கூடத்தின் வழியாக அமெரிக்க இராணுவக் கணினிகளுக்குள் புகுந்து வந்ததும், அங்கே எடுத்த தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டதும் அதனால் வெளிப்பட்டன. சிறிய பிழையைச் சிறியது என்று ஒதுக்காத ஒருவரால் பெரிய குற்றம் பிடிபட்டது.

இரண்டாவது, வங்காளதேசத்தின் மத்திய வங்கியில் நடந்த கொள்ளை. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இரவு, அவ்வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய ரிசர்வ் வங்கிக்கு 35 போலிக் கட்டளைகளை அனுப்பினர். கேட்ட தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டாலர். மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை. பணப்பரிமாற்றச் செய்திகளை அச்சிட வேண்டிய அச்சுப்பொறி அன்று வேலை செய்யவில்லை. அச்சுப்பொறி பழுதாவது எங்கும் நடப்பதுதானே என்று பணியாளர்கள் எண்ணிவிட்டனர். உண்மையில், தடயம் வெளிப்படாதிருக்கக் குற்றவாளிகள் செய்த வேலை அது. நிலைமை புரிந்து, பணத்தை நிறுத்தும்படி செய்தி அனுப்பியபோது பிலிப்பீன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 81 மில்லியன் டாலர் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது.

ஆனால் இலங்கைக்குச் சென்ற 20 மில்லியன் டாலர் தப்பியது. எப்படித் தெரியுமா? பணம் பெறவேண்டிய அமைப்பின் பெயரில், ‘அறக்கட்டளை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குற்றவாளிகள் பிழையாக எழுதியிருந்தனர். இடையில் இருந்த ஒரு வங்கி அந்தப் பிழையைக் கண்டு, “இது சரிதானா?” என்று கேட்டது. அந்தக் கேள்வியால் பணம் திரும்பியது. எழுத்துப்பிழையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். ஓரிடத்தில் சந்தேகம் வந்தும் கேட்கவில்லை என்றால் இழப்பு. ஓரிடத்தில் வாய் திறந்து கேட்டதால் மீட்பு.

மூன்றாவது, நமக்கு மிக அருகில் நடந்தது. 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த நாள் ஆகியவை களவு போயின. அவர்களுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்ற விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். பணம் போனால் உழைத்து ஈட்டலாம். ஒருவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்னும் அந்தரங்கம் ஒருமுறை வெளியே போனால், அதைத் திரும்ப அழைத்துவர எவராலும் இயலாது.

இது ஒரே நாளில் நடந்த களவன்று. 2017 ஆகஸ்ட் மாதத்திலேயே குற்றவாளிகள் ஒரு கணினியில் கால் பதித்துவிட்டனர் என விசாரணைக் குழு கண்டறிந்தது. ஒரு முக்கியக் கணக்கிற்கு, ‘பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லையே இரண்டோர் எழுத்தை மாற்றிக் கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். 2018 ஜூன் மாதம் யாரோ உள்ளே நுழைய முயல்வதைப் பணியாளர்கள் சிலர் கண்டும் இருந்தனர். ஆனால் செய்தி மேலே போகவில்லை. மேலிடத்திற்கு அறிவித்தால் கேள்விமேல் கேள்வி வரும், நெருக்கடி கூடும் என்ற எண்ணம் பொறுப்பில் இருந்த ஒருவருக்கு இருந்தது விசாரணையில் தெரியவந்தது. அந்தத் தயக்கத்தின் ஊடே, ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை தகவல்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. ஜூலை 4ஆம் நாள், தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் ஒருவர் வழக்கத்திற்கு மாறான கேள்விகள் ஓடுவதைக் கண்டு, உடனே தடுத்தார். அவர் விழிப்பாயிருந்ததால் களவு அத்தோடு நின்றது. அதன் பிறகும், உயர் நிர்வாகத்திற்குச் செய்தி போய்ச்சேர ஜூலை 9 ஆயிற்று. பின்னர் 2019 ஜனவரியில் குழுமத்திற்கு இரண்டரை இலட்சம் வெள்ளியும், அதன் கணினிகளைப் பராமரித்த நிறுவனத்திற்கு ஏழரை இலட்சம் வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

இப்போது அந்த அலமாரியடிக் கண்ணாடித் துண்டு நினைவுக்கு வருகிறதல்லவா? பத்து வயதுச் சிறுவன் ஏச்சுக்குப் பயந்து மறைத்தான். படித்துப் பட்டம் பெற்றவர்கள் நெருக்கடிக்குப் பயந்து தாமதித்தனர். ஆள் வேறு, அச்சம் ஒன்றே. திருடனுக்கு அந்த அச்சம் திறந்து கிடக்கும் ஒரு வாசல்.

அப்படியானால் நிறுவனங்கள் செய்ய வேண்டியது என்ன? பெரிய வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமல்ல, நம் கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், பள்ளி அலுவலகம், நாலு பேர் வேலை செய்யும் கடை ஆகியவற்றுக்கும் பொருந்தும் சில வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, சாவியைக் காப்பது. கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஒவ்வொரு கணக்கிற்கும் வேறாக இருக்கட்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கணினித் திரையில் ஒட்டி வைப்பது, வாசற்கதவிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு ஒன்றையும் வைத்துக்கொண்டால், சாவி களவு போனாலும் கதவு திறக்காது. வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே மூடிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் கையிலேயே எல்லாவற்றையும் விடாதிருப்பது. தோட்டத்தில் கிராணியார் செக்ரோல் எழுதுவார். துரை பார்த்துக் கையெழுத்திடுவார். அந்த முறையில் அறிவு இருந்தது. பணம் அனுப்புவதை ஒருவர் தொடங்கினால் மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். “எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனிமேல் இதற்கு அனுப்புங்கள்” என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், முன்பே நம்மிடம் இருக்கும் எண்ணில் அழைத்துக் கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை; ஓராண்டுச் சேமிப்பைக் காக்கும்.

மூன்றாவது, பழுது பார்ப்பதும் படி எடுத்து வைப்பதும். 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியாகியிருந்தது! கூரையில் ஓட்டை என்று தெரிந்தும் மழை வரும்வரை காத்திருந்தார்கள். ஆகவே திருத்தங்களை வந்தவுடன் சேர்த்துவிடுங்கள். முக்கியக் கோப்புகளின் படி ஒன்றை, கணினியோடு இணைக்காமல் தனியே வைத்திருங்கள். அந்தப் படியிலிருந்து கோப்பைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பாருங்கள்.

நான்காவது, இவை யாவற்றினும் முக்கியமானது, சொல்வதற்கு வழி செய்வது. ஐயம் ஏற்பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது கடைநிலை ஊழியர் வரை தெரிந்திருக்க வேண்டும். அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி செய்வது போல, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதையும் பயிற்சி செய்யுங்கள். பொய்க் கடிதத்தைத் திறந்துவிட்டேன் என்று ஒருவர் வந்து சொன்னால், அவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். ஐயம் வீணாகிப் போனாலும் நன்றி சொல்லுங்கள். அன்று சிரித்துக் கேலி செய்தால், அடுத்த முறை உண்மையான அபாயத்தின்போது அவர் வாயைத் திறக்கமாட்டார்.

சட்டமும் இப்போது இதையே வற்புறுத்துகிறது. மலேசியாவில் திருத்தப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தகவல் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். ஊழியர் தம் மேலாளரிடம் சொல்லவே ஒரு வாரம் தயங்கினால், நிறுவனம் 72 மணி நேரத்தில் எங்ஙனம் அறிவிக்கும்? தனியாட்களுக்கும் இதுவே விதி. மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டு வீட்டில் அமர்ந்திராமல், தம் வங்கியையோ, மலேசியாவில் 997 என்ற எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும்.

நேயர்களே, பூட்டும் வேலியும் தேவைதான். ஆயினும் பூட்டு தன் குறையைத் தானே சொல்லாது. “இங்கே ஏதோ சரியில்லை” என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் சொல்வதைக் கோபப்படாமல் கேட்க இன்னொரு மனிதர் வேண்டும். முன்னவரை உருவாக்கும் பொறுப்பு எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உண்டு. பின்னவராக இருக்க வேண்டிய பொறுப்பு தலைமையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

அந்தக் கண்ணாடி நிகழ்ச்சிக்குப் பிறகு நம் வகுப்பில் ஒரு விதி வைத்தோம். எதை உடைத்தாலும் உடனே வந்து சொல்பவருக்கு ஏச்சு இல்லை; சேர்ந்து பெருக்கிச் சுத்தம் செய்வோம். அதன் பின்னும் பொருள்கள் உடைந்தன, பிள்ளைகள் அல்லவா! ஆனால் ஒரு துண்டும் அலமாரியின் அடியில் போய் ஒளியவில்லை.