விண்மீன் விளக்கு



டிசம்பர்த் திங்கள் பிறந்ததும் நம் ஊர்கள் பலவற்றில் வீட்டு வாயில்கள்தோறும் காகித விண்மீன்கள் ஒளிரத் தொடங்குகின்றன. நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் மாலை வேளையில் தெருவழியே நடந்து செல்வோர், எச்சமயத்தவராயினும், ஒரு கணம் நின்று அவற்றை நோக்காமல் செல்வதில்லை. கீழ்த்திசை ஞானியர்க்குக் குழந்தை இயேசுவிடம் செல்ல வழிகாட்டிய விண்மீனின் நினைவாகவே கிறிஸ்துமஸ் நாளில் இவ்விளக்குகள் ஏற்றப்படுகின்றன. இவ்விளக்கை நம் கையாலேயே செய்வது பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விழைகிறேன்.

அலங்காரம் என்றால் தேவைக்கு மேற்பட்டது என்பதே பொதுவான எண்ணம். விளக்கு வேண்டும், அதன்மேல் வண்ணத்தாள் எதற்கு என்று கேட்பவர் உண்டு. ஆயினும் விண்மீன் விளக்கின் வரலாற்றை ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படும். அழகுக்காக மட்டும் தோன்றியதன்று அது. ஏதோ ஒரு குறை மனிதரை வருத்தியபோது, அக்குறையை நீக்கக் கையில் கிடைத்த பொருளைக்கொண்டு அவர்கள் ஆக்கியது. இதற்கு இரு நாடுகளைச் சான்றாகக் காட்டுவேன்.

முதலாவது, பிலிப்பைன்ஸ். அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள் கோழி கூவும் முன்பே கோயிலில் வழிபாடு நடைபெறும். வயல்வேலைக்குச் செல்லும் உழவரும் கலந்துகொள்ள ஏற்ற நேரம் அது. விடியாத அவ்விருளில் கோயிலுக்கு வழி நடக்க விளக்கு வேண்டுமல்லவா? மூங்கிலைப் பிளந்து சட்டம் கட்டி, மெல்லிய தாளை ஒட்டி விளக்குச் செய்தனர். இதனைப் 'பரோல்' என்பர். விளக்கு எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லின் திரிபு இது. இன்று ஐந்து முனை விண்மீனாக வீட்டுக்கு வீடு அது தொங்குகிறது. சான் பெர்னாண்டோ என்னும் நகரில் ஏறத்தாழ 20 அடி விட்டமுள்ள மாபெரும் விளக்குகளை ஊர்மக்கள் கூடிச் செய்து விழாவெடுக்கின்றனர். வழித்துணையாக வந்த விளக்கே ஊரின் பெருமையாக வளர்ந்துவிட்டது.

இரண்டாவது, ஜெர்மனியின் சாக்சனி நாடு. அங்கே ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு மொராவியச் சகோதர சபை என்ற ஒரு சமயக் கூட்டம் வாழ்ந்தது. அச்சபையினர் கிரீன்லாந்து, லாப்ரடார், சூரினாம் முதலிய தொலைநாடுகளுக்குப் பணிசெய்யச் சென்றனர். நம் தரங்கம்பாடிக்கும் அவர்கள் 1760ஆம் ஆண்டில் வந்து, நாற்பதாண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தனர். இவ்வாறு கடல் கடந்து சென்ற பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைத் தாயகத்து விடுதிப் பள்ளிகளில் விட்டுச் சென்றனர். கடிதம் ஒன்று வந்து சேரவே பல திங்கள் ஆகும் காலம் அது. பண்டிகை நாள் வந்தால் அப்பிள்ளைகள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விடுதியில் தங்கிப் பயிலும் நீங்கள் நன்கு உணர்வீர்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நீஸ்கி என்ற ஊரில் இருந்த அத்தகைய பள்ளியில்தான் பலமுனை விண்மீன் விளக்கு தோன்றியது. வடிவகணிதப் பாடத்தின் பயிற்சியாகவே அது தொடங்கியது என்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுள் முதல் ஞாயிறன்று மாணவர்கள் தாமே தாள் மடித்து, ஒட்டி, விண்மீன் செய்து தம் அறையில் தொங்கவிடும் வழக்கம் பரவியது. பெற்றோரைக் கொணர்ந்து தர எந்த ஆசிரியராலும் இயலாது. ஆயின் கைக்கு ஒரு வேலையையும் கண்ணுக்கு ஓர் ஒளியையும் தரலாம் அல்லவா? பின்னர் 1897ஆம் ஆண்டில் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக் என்பவர் பிரித்துக் கோக்கத்தக்க உறுதியான விண்மீனை அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தார். ஹெர்ன்ஹூட்டில் இன்றும் இவ்விண்மீன்களைக் கையால் ஒட்டிச் செய்யும் பட்டறை இருக்கிறது.

கணிதம் பயிற்றுபவன் என்ற முறையில் அவ்விண்மீனின் கணக்கைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. 18 சதுரங்களும் 8 சமபக்க முக்கோணங்களும் சேர்ந்து அமைந்த 26 முகத் திண்மம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மேலேயுள்ள ஒரு சதுரத்தைத் தொங்கவிடுவதற்காக ஒழித்துவிட்டால் எஞ்சுபவை 17 சதுரங்களும் 8 முக்கோணங்களும். ஒவ்வொன்றின் மீதும் ஒரு கூம்பிய முனையை நிறுத்தினால் 25 முனை விண்மீன் கிடைக்கும். பலகையில் எழுதி மறந்துபோகும் பாடம் அங்கே விளக்காகித் தலைக்கு மேல் தொங்கியது.

இனி, நாம் எளிதில் செய்யத்தக்க ஐந்து முனை விண்மீனுக்கு வருவோம். மூங்கில் சிம்புகள், பருத்தி நூல், பட்டம் செய்யும் வண்ணத்தாள், மைதாப் பசை ஆகியவை போதும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள வளையக்கூடிய மெல்லிய சிம்புகள் பத்தும், 14 சென்டிமீட்டர் நீளமுள்ள குறுஞ்சிம்புகள் ஐந்தும் நறுக்கிக்கொள்ளுங்கள். நெடிய சிம்பு ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 23 சென்டிமீட்டர் தள்ளிக் குறியிடுங்கள். நடுவே 14 சென்டிமீட்டர் எஞ்சும்.

ஐந்து நெடிய சிம்புகளை, ஒன்றின் குறி மற்றதன் குறியோடு பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துக் கட்டினால் விண்மீன் சட்டம் அமையும். ஒவ்வொரு முனையிலும் 36 பாகைக் கோணம் இருக்கும். ஐந்தையும் கூட்டினால் 180 பாகை. இதே போல் மற்றொரு சட்டம் கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஐந்து முனைகளையும் இறுகக் கட்டுங்கள். பிறகு உட்புறத்து ஐந்து மூலைகளிலும் குறுஞ்சிம்புகளை இரு சட்டங்களுக்கும் இடையே நிறுத்திக் கட்டுங்கள். அப்போது தட்டையாயிருந்த சட்டம் உப்பி, உள்ளீடுள்ள கூடாகிவிடும்.

குறியிடும் இடம் ஏன் 23? 60ஐ 37 என்றும் 23 என்றும் பிரித்தால், முழுமைக்கும் பெரும்பகுதிக்கும் உள்ள விகிதமே பெரும்பகுதிக்கும் சிறுபகுதிக்கும் ஏறத்தாழ அமைகிறது. ஏறக்குறைய 1.618 ஆகிய இதனைப் பொன் விகிதம் என்பர். யூக்ளிட் எழுதிய நூலில் காணும் அவ்விகிதம் மூங்கில் சிம்பிலும் இருக்கிறது. அதன் பயனையும் பாருங்கள்: தாள் ஒட்ட வேண்டிய முக்கோணங்கள் இருபதும், 23, 23, 14 சென்டிமீட்டர் பக்கங்களுடன், ஒரே அளவாக அமைந்துவிடும். ஆகவே ஓர் அட்டையில் அவ்வளவை வெட்டி வைத்துக்கொண்டு, ஒட்டுவதற்குச் சுற்றிலும் சிறிது இடம் விட்டு, இருபது துண்டுகளையும் நறுக்கிவிடலாம். முன்புறத்து ஐங்கோணத்தையும் மூடி, பின்புறத்து ஐங்கோணத்தை மட்டும் விளக்கு வைப்பதற்காகத் திறந்து விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. காகிதக் கூட்டினுள் மெழுகுவத்தியோ சூடேறும் குமிழ்விளக்கோ வைத்தலாகாது. மிகுதியாகச் சூடேறாத சிறிய எல்.இ.டி. விளக்கே ஏற்றது, அதுவும் தாளைத் தொடாதவாறு நடுவில் தொங்கவேண்டும். மழையும் பனியும் படாத இடத்தில் கட்டுங்கள்.

கடையில் அழகிய விண்மீன்கள் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். நான் விடுதிக் காப்பாளனாயிருந்த ஓராண்டில் தேர்வு காரணமாகச் சில மாணவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் செல்ல இயலவில்லை. முதலாண்டு மாணவன் ஒருவன் மூன்று நாள்களாக எவரோடும் பேசாமல் இருந்தான். மற்ற மாணவர் விண்மீன் கட்டத் தொடங்கியபோது, முனையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டுமென்று அவனை அழைத்தனர். ஒருவர் பிடிக்க, ஒருவர் கட்ட வேண்டிய வேலையாதலால் அவன் எழுந்து செல்ல முடியவில்லை. "எங்கள் ஊரில் நூலை இப்படிச் சுற்றமாட்டார்கள்" என்பதே அவன் வாய்திறந்து சொன்ன முதற்சொல். அன்றிரவு அவன் காட்டிய முறைப்படியே பத்து முடிச்சுகளும் விழுந்தன. முடிச்சிட்டவருள் கிறிஸ்தவர் இருவரே. ஏனையோர் பிற சமயத்தவர்.

விலைக்கு வாங்கிய விண்மீனும் ஒளி தரும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதனைத் தொங்கவிட ஒருவர் போதும். கையால் செய்யும் விண்மீனுக்கோ இன்னொருவர் கை கட்டாயம் வேண்டும். நீஸ்கிப் பள்ளியின் பிள்ளைகளுக்கும் பிலிப்பைன்ஸ் உழவர்க்கும் அவ்விளக்கு ஒளியோடு துணையையும் தந்தது. அத்துணை நம் விடுதிகளிலும் தெருக்களிலும் அருகிவருவதையே நான் இழப்பாகக் கருதுகிறேன்.

ஆகவே, வருகின்ற விடுமுறையில் பத்துச் சிம்புகளை நறுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பண்டிகையாயின் அண்டை வீட்டாரை அழையுங்கள். அண்டை வீட்டுப் பண்டிகையாயின் அழைக்கும் முன்பே சென்று முனையைப் பிடியுங்கள்.